பி.காம். முடித்தவர் நர்ஸ் பிராக்டிஷனர் ஆக என்ன படிக்க வேண்டும்?

கேள்வி: குடவாசல் வாசகி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 25. பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப் எடுத்து, பிறகு கும்பகோணத்தில் பி.காம். முடித்து, அதே ஊரில் ஒரு தனியார் மருத்துவமனையின் பில் கவுன்டரில் வேலை பார்த்து வருகிறேன். கணக்கு வேலையில் குறை ஒன்றும் இல்லை. ஆனால், டிஸ்சார்ஜ் ஆகும் நோயாளியின் வீட்டார் பணத்தைக் கட்டிவிட்டு, மருந்துச் சீட்டை என்னிடமே நீட்டி, இதைச் சாப்பாட்டுக்கு முன்னால் கொடுக்க வேண்டுமா, பின்னால் கொடுக்க வேண்டுமா என்று கேட்கும்போது, பதில் சொல்லும் தகுதி எனக்கு இருக்க வேண்டும் என்ற எண்ணம் நாளுக்கு நாள் வலுத்து வருகிறது.

அமெரிக்காவில் இருக்கும் உறவினர் ஒருவர், அங்கே நர்ஸ் பிராக்டிஷனர் என்பவர் நோயாளியைப் பரிசோதித்து, நோய் இன்னதென்று கண்டறிந்து, மருந்தும் எழுதிக் கொடுக்கிறார் என்றும், வேறு பாடத்தில் பட்டம் பெற்றவர்கள்கூட மூன்று ஆண்டுகளில் அந்த நிலைக்கு வந்துவிடுகிறார்கள் என்றும் சொல்கிறார். இங்கே விசாரித்தால் ஆளுக்கொரு பதில் கிடைக்கிறது. ஓர் ஏஜென்ட், டிகிரிதான் இருக்கிறதே, நேரடியாக எம்.எஸ்சி. நர்சிங்கில் சேர்த்துவிடுகிறேன் என்கிறார். ஒரு கல்லூரி அலுவலகத்திலோ, காமர்ஸ் குரூப் என்றால் நர்சிங் பக்கமே வர முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அப்பா பத்து மா (சுமார் மூன்று ஏக்கர்) நிலத்தில் சாகுபடி செய்கிறார். மேட்டூர் அணை திறப்பதையும் வடகிழக்குப் பருவமழையையும் பொறுத்தே எங்கள் வீட்டு வருமானம் அமையும் என்பதால், பெரும் பணம் செலவழித்துவிட்டுப் பிறகு அந்தப் படிப்பு செல்லாது என்று தெரியவந்தால் தாங்க முடியாது. என்னைப் போன்றவர்களுக்கு இந்தியாவில் இந்தப் படிப்பு இருக்கிறதா, இருந்தால் எங்கிருந்து தொடங்க வேண்டும், வெளிநாட்டு வழி எந்த அளவுக்கு நடைமுறைக்கு உகந்தது என்பதைத் துறையில் இருப்பவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பதில்: தஞ்சாவூர் செவிலியர்

தங்கைக்கு வணக்கம். நான் தஞ்சாவூரில் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரிகிறேன். உங்களிடம் சொல்லப்பட்ட இரண்டுமே தவறான தகவல்கள். எம்.எஸ்சி. நர்சிங்கில் சேர, பி.எஸ்சி. நர்சிங் அல்லது போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் (டிப்ளமோ முடித்த செவிலியருக்கான பட்டப்படிப்பு) முடித்து, மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பி.காம். பட்டத்தை வைத்து ஒருவர் சேர்த்துவிடுவதாகச் சொன்னால், அவர் உங்கள் பணத்தைக் குறிவைக்கிறார் என்றே கொள்ளுங்கள். அதே சமயம், காமர்ஸ் குரூப் படித்தவருக்கு நர்சிங்கின் எல்லாக் கதவுகளும் அடைபட்டுவிட்டன என்பதும் உண்மையல்ல.

நம் நாட்டில் நர்சிங் சேர்க்கையின்போது உங்கள் பட்டத்தை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். பிளஸ் டூவில் என்ன குரூப் என்பதையே பார்ப்பார்கள். நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங்குக்கு இந்திய நர்சிங் கவுன்சில் விதித்துள்ள தகுதி, பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் சேர்த்துக் குறைந்தது 45 சதவீதமும் ஆங்கிலத்தில் தேர்ச்சியும் பெற்றிருப்பது. இதில் நீங்கள் வர மாட்டீர்கள். ஆனால் ஜி.என்.எம். எனப்படும் பொதுச் செவிலியம், பேறுகாலச் செவிலியம் இரண்டுக்குமான மூன்றாண்டு டிப்ளமோவுக்கு அறிவியல் குரூப்புக்கு முன்னுரிமை என்று சொல்லும் அதே கவுன்சில், 40 சதவீத மதிப்பெண்ணும் ஆங்கிலத் தேர்ச்சியும் இருந்தால் கலை, வணிகப் பிரிவுகளில் படித்தவர்களையும் அனுமதிக்கிறது. வயது 17 முதல் 35 வரை. எனவே வயது உங்களுக்குத் தடையே இல்லை.

ஜி.என்.எம். முடித்ததும் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் செவிலியராகவும் பேறுகாலச் செவிலியராகவும் பதிவு செய்வீர்கள். அதன் பிறகு இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடித்தால், நேரடியாக நான்காண்டு படித்தவருக்குச் சமமான பட்டதாரிச் செவிலியர் ஆவீர்கள். நீங்கள் கேட்கும் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு அதற்கு அடுத்த படி. இந்தியாவில் 2016 முதல், தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் என்ற பெயரில், மருத்துவமனையில் பணியாற்றிக்கொண்டே படிக்கும் இரண்டாண்டு ரெசிடென்சி முறை எம்.எஸ்சி. நடைமுறையில் இருக்கிறது. அதில் சேரப் பட்டதாரிச் செவிலியராக ஓராண்டு மருத்துவமனை அனுபவம் வேண்டும். அது தீவிர சிகிச்சைப் பிரிவில் பெற்றதாக இருந்தால் நல்லது. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழும் இந்தப் படிப்பு உண்டு. மூன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று கூட்டினால் எட்டு ஆண்டுகள். இன்றைக்குத் தொடங்கினால் முடிக்கும்போது உங்களுக்கு 33 அல்லது 34 வயது ஆகியிருக்கும். இதை மறைத்து ஆசை காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

பெயரைக் கேட்டு மயங்காமல், அந்தப் பணி எப்படிப்பட்டது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அறுவடைக் காலத்தில் வயலில் கண்ணாடி விரியன் கடித்து வருபவரை எடுத்துக்கொள்வோம். சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் சிறிதளவு இரத்தம் எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைத்துவிட்டுச் சாய்த்துப் பார்ப்போம். இரத்தம் உறையாமல் நீராக ஓடினால் விஷம் உடம்பில் வேலை செய்கிறது என்று பொருள். விஷமுறிவு மருந்து உடனே ஏற வேண்டும். இதை எந்தச் செவிலியரும் செய்வார். ஆனால் அடுத்த ஆறு மணி நேரத்தில் சிறுநீர் குறைகிறதா, ஈறில் இரத்தம் கசிகிறதா, மருந்து ஏறும்போது ஒவ்வாமை தலைகாட்டுகிறதா, மூச்சு தளர்ந்தால் வென்டிலேட்டர் அளவுகளை எப்படி மாற்றுவது என்று எல்லாவற்றையும் ஒருசேர வைத்து ஆராய்ந்து, வகுக்கப்பட்ட நெறிமுறைக்குள் நின்று முடிவெடுக்கப் பழக்குவதுதான் இந்தப் படிப்பு. உயர்நிலை நோய் உடலியங்கியல், உயர்நிலை மருந்தியல், உயர்நிலை உடல் பரிசோதனை ஆகிய மூன்றும் அதன் தூண்கள். படிப்பு நேரத்தின் பெரும்பகுதி நோயாளியின் படுக்கையருகே கழியும்.

இங்கே முடித்தவர்கள் அமெரிக்காவில் இருப்பதுபோலத் தனியாகக் கிளினிக் திறந்து மருந்து எழுத முடியாது. மருத்துவமனை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும் நிலையாணைகளுக்கும் மருத்துவரின் மேற்பார்வைக்கும் உட்பட்டே செயல்பட வேண்டும். நான் பணிபுரியும் இடத்தில் அந்தப் பெயரில் தனிப் பதவியே இல்லை. முடித்தவர்கள் பெரும்பாலும் பெரிய தனியார் மருத்துவமனைகளிலோ கற்பிக்கும் பணியிலோ இருக்கிறார்கள்.

பேறுகாலச் சேவையில் விருப்பம் இருந்தால், 2018இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி நடத்தப்படும் 18 மாத நர்ஸ் பிராக்டிஷனர் மிட்வைஃப் பயிற்சியும் உண்டு. அதற்கும் பதிவு பெற்ற செவிலியராக, பிரசவ வார்டு அனுபவத்துடன் இருக்க வேண்டும்.

பதில்: மன்னார்குடிக்காரன்

அக்கா சொன்னதோடு என் பங்குக்குச் சிலவற்றைச் சேர்க்கிறேன். நான் பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு ஜி.என்.எம். சேர்ந்தவன், இப்போது போஸ்ட் பேசிக் படித்துக்கொண்டிருக்கிறேன். விதிப்படி அனுமதி உண்டு என்பது வேறு. உள்ளே போய்த் தாக்குப்பிடிப்பது வேறு.

முதலாண்டில் உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், உளவியல், சமூகவியல், செவிலிய அடிப்படைகள், சமூக நலச் செவிலியம் எல்லாம் சேர்ந்து வரும். பத்தாம் வகுப்போடு அறிவியலை விட்டவர்களுக்கு உடற்கூறியல் புத்தகத்தின் முதல் பக்கமே கலக்கத்தைத் தரும். தமிழ் வழியில் படித்தவன் என்பதால், எலும்புகளின் பெயரை ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிப் படித்து, ஒரு நோட்டில் தமிழ் உச்சரிப்பை எழுதி வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்தேன். வகுப்பில் உயிரியல் குரூப் படித்து வந்த பிள்ளைகள் என்னைவிட ஏழெட்டு வயது இளையவர்கள். அவர்கள் அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டே எனக்குச் சொல்லியும் கொடுத்தார்கள். இரண்டாமாண்டு வார்டுக்குப் போகத் தொடங்கிய பிறகு நிலைமை தலைகீழாக மாறியது. நோயாளியின் உறவினரிடம் பொறுமையாகப் பேசுவது, கேஸ் ஷீட்டைக் கோர்வையாக எழுதுவது போன்றவற்றில் வயதும் முந்தைய படிப்பும் கைகொடுத்தன. பில் கவுன்டரில் நின்று பழகிய உங்களுக்கு அது இன்னும் எளிதாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

விண்ணப்பிக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். கவுன்சிலின் விதி குறைந்தபட்சத் தகுதியை மட்டுமே சொல்கிறது. அரசு மருத்துவமனைகளோடு இணைந்த செவிலியர் பயிற்சிப் பள்ளிகளுக்கு மாநில அரசு ஒவ்வோர் ஆண்டும் தனி விளக்கக் குறிப்பேடு வெளியிடும். அதில் கேட்கப்படும் பாடப்பிரிவையும் வயதையும் அந்தந்த ஆண்டுக் குறிப்பேட்டிலேயே பாருங்கள். அரசுப் பள்ளியில் இடம் கிடைத்தால் செலவு மிகக் குறைவு. கிடைக்காவிட்டால் தனியார் பள்ளிதான். அங்கே கல்விக் கட்டணத்தைத் தவிர விடுதி, சீருடை, மருத்துவமனைப் பயிற்சி, தேர்வு என்று தனித்தனியாக வாங்குவார்கள். மூன்றாண்டுக்கும் சேர்த்து மொத்தத் தொகையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பதில்: மயிலாடுதுறையிலிருந்து டெக்சஸ் வரை

வாசகிக்கு வணக்கம். மயிலாடுதுறைக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, எம்.சி.ஏ. படித்து, திருமணத்துக்குப் பின் அமெரிக்கா வந்து, இங்கே நர்சிங் படித்து, இப்போது குடும்ப நல நர்ஸ் பிராக்டிஷனராக டெக்சஸில் பணிபுரிகிறேன். உங்கள் உறவினர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்.

இந்தப் பணி 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து தொடங்கிய பயிற்சியிலிருந்து பிறந்தது. மருத்துவர் போதாத இடங்களில் குழந்தைகளின் நலனைப் பார்த்துக்கொள்ள அனுபவமுள்ள செவிலியர்களைத் தயார் செய்வதே அன்றைய நோக்கம். இன்றும் அடிப்படை மாறவில்லை. முதலில் பதிவு பெற்ற செவிலியர், அதன் பிறகே நர்ஸ் பிராக்டிஷனர். வேறு பட்டம் பெற்றவர்களுக்கான வழிகள் எல்லாம் அந்த முதல் படியைச் சுருக்கித் தருபவையே தவிர, அதைத் தாண்டிப் போக விடுபவை அல்ல.

இங்கே இரண்டு வழிகள் பரவலாக உள்ளன. ஒன்று, ஏற்கெனவே ஏதோ ஒரு பட்டம் வைத்திருப்பவர்களுக்கான துரித பி.எஸ்.என். (இளங்கலை நர்சிங்) படிப்பு. பெரும்பாலும் 11 முதல் 18 மாதங்களில் முடியும். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்; விடிந்தால் மருத்துவமனை, இருட்டினால் புத்தகம் என்று ஓடும். முடித்ததும் என்கிளெக்ஸ் தேர்வு எழுதிச் செவிலியர் உரிமம் பெற்று, சில ஆண்டுகள் பணிபுரிந்துவிட்டு, எம்.எஸ்.என். (முதுகலை நர்சிங்) அல்லது டி.என்.பி. (நர்சிங் பணிசார் முனைவர்) படிப்பில் நர்ஸ் பிராக்டிஷனர் பிரிவைத் தேர்ந்தெடுக்கலாம். நான் வந்த வழி இதுதான்.

மற்றொன்று, நேரடி நுழைவு எம்.எஸ்.என். யேல் பல்கலைக்கழகம் 1974லேயே வேறு துறைப் பட்டதாரிகளுக்கென இதைத் தொடங்கியது. முதல் பகுதியில் செவிலியப் பாடங்கள், இடையில் என்கிளெக்ஸ், அடுத்த பகுதியில் நர்ஸ் பிராக்டிஷனர் பாடங்கள் என ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகும். உறவினர் சொன்னது இதைத்தான். ஆனால் நேரடி நுழைவு என்ற பெயரில் நடக்கும் எல்லாப் படிப்புகளும் நர்ஸ் பிராக்டிஷனராக்கிவிடுவதில்லை. பல கல்லூரிகள் முதுகலைப் பட்டத்தோடு சாதாரணச் செவிலியர் உரிமத்துக்கான தகுதியை மட்டுமே தருகின்றன. முடித்தவர் எந்தச் சான்றளிப்புத் தேர்வை எழுதலாம் என்ற ஒரே கேள்வியைக் கல்லூரியிடம் கேட்டுவிட்டால் உண்மை வெளியே வந்துவிடும்.

உங்கள் பி.காம். இங்கே கணக்கில் வரும் என்பது உண்மை. ஆனாலும் உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், வேதியியல், புள்ளியியல் ஆகிய பாடங்களைச் சேர்க்கைக்கு முன்பே கல்லூரி அளவில் படித்து நல்ல மதிப்பெண் பெற்றிருக்க வேண்டும். காமர்ஸ் மாணவிக்குப் புள்ளியியல் ஒன்று கைவசம் இருக்கலாம். மற்றவற்றுக்கு மேலும் ஓராண்டு போகும். அத்துடன் நம் ஊர் மூன்றாண்டுப் பட்டத்தை எல்லாப் பல்கலைக்கழகங்களும் தங்கள் நான்காண்டுப் பட்டத்துக்குச் சமமாக ஏற்பதில்லை. சான்றிதழ் மதிப்பீடு செய்து பார்த்த பிறகே தெரியும்.

நர்ஸ் பிராக்டிஷனர் பாடத்தில் நோயாளிகளை நேரில் பார்க்கும் பயிற்சி நேரம் நீண்ட காலம் குறைந்தது 500 மணியாக இருந்தது. 2022இல் வெளிவந்த தேசியத் தர அளவுகோல் அதை 750 மணியாக உயர்த்தியிருக்கிறது. வகுப்புகளை இணையவழியில் நடத்தும் கல்லூரிகளும் இந்த நேரத்தை மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ நேரில் கழிக்கச் சொல்வதால், இங்குள்ள உரிமம் இல்லாமல் குடவாசலில் இருந்துகொண்டு ஆன்லைனில் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். படிப்பு முடிந்ததும் குடும்ப நலம், முதியோர், குழந்தைகள், மனநலம் என்று எந்தப் பிரிவில் படித்தோமோ அந்தப் பிரிவுக்கான தேசியச் சான்றளிப்புத் தேர்வு எழுத வேண்டும். பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் மருத்துவரின் மேற்பார்வை இல்லாமலே பணிபுரியலாம். டெக்சஸில் அப்படி இல்லை. மருந்து எழுத மருத்துவர் ஒருவரோடு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வேண்டும்.

இனிப் பணத்துக்கு வருகிறேன். வெளிநாட்டு மாணவியாக வந்தால் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்து பல பத்தாயிரம் டாலர்களைத் தாண்டும்; அந்தத் தொகை கையில் இருப்பதாக விசாவுக்கே காட்ட வேண்டும். பத்து மா நிலத்தை நம்பியுள்ள குடும்பத்துக்கு இது ஏற்ற வழி அல்ல என்பது என் உறுதியான கருத்து. கணவரின் வேலையை ஒட்டி எச்-4 விசாவில் இங்கே வந்துவிட்ட பெண்களுக்கு இது நல்ல வழி, ஏனெனில் அந்த விசாவில் படிக்கத் தடையில்லை. உங்கள் நிலையில் இருப்பவர், அங்கேயே செவிலியராகிப் பட்டமும் அனுபவமும் பெற்று, என்கிளெக்ஸ் எழுதிவிட்டு, செவிலியர் வேலைக்கே இங்கு வந்து, வேலை பார்த்தபடி எம்.எஸ்.என். படிப்பதுதான் கடன் இல்லாத பாதை. செவிலியர்களுக்கான குடியேற்ற விசாவில் இந்தியர்களுக்குக் காத்திருப்பு மிக நீளம் என்பதையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

தஞ்சாவூர் அக்கா சொன்ன எம்.எஸ்சி. முடித்தவர்கள் இங்கே நேரடியாக நர்ஸ் பிராக்டிஷனர் ஆக முடியாது. சான்றளிப்புத் தேர்வு எழுத, இந்நாட்டில் அங்கீகாரம் பெற்ற பாடத்திட்டத்தில் படித்திருக்க வேண்டும். ஆகவே கடைசியில் எந்த நாட்டில் பணிபுரியப் போகிறீர்கள் என்பதை முதலிலேயே முடிவு செய்யாவிட்டால், ஒரே படிப்பை இரண்டு முறை படிக்க நேரும்.

பதில்: நாகப்பட்டினம் நர்சிங் ஆசிரியை

மேலே எழுதியவர்கள் சரியாகவே எழுதியிருக்கிறார்கள். விடுபட்ட ஒரு வழியையும், ஏஜென்ட் குறித்த ஓர் எச்சரிக்கையையும் மட்டும் சொல்கிறேன்.

பிளஸ் டூ ஏற்கெனவே தேறியவர்கள், தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் மூலம் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களைக் கூடுதலாக எழுத முடியும். பி.எஸ்சி. நர்சிங்குக்கான கவுன்சில் விதிமுறை திறந்தநிலைப் பள்ளியில் அறிவியல் பாடங்களும் ஆங்கிலமும் படித்தவர்களை ஏற்கிறது. அதன் 2020ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி இப்படிப்புக்கும் உச்ச வயது 35. ஆனால் உங்களுக்கு ஆங்கிலம் ஒரு மதிப்பெண் பட்டியலிலும் அறிவியல் வேறொரு பட்டியலிலும் இருக்கும் என்பதால், அதை ஏற்றுத் தகுதிச் சான்றிதழ் தருவார்களா என்பதை மருத்துவப் பல்கலைக்கழகத்திடம் கடிதம் எழுதி, பதில் கையில் கிடைத்த பிறகே தேர்வுக் கட்டணம் கட்டுங்கள். வாய்மொழிப் பதில் செல்லாது.

இந்த வழியில் போனால் தயாரிப்புக்கு ஓராண்டு, பி.எஸ்சி. நான்காண்டு, அனுபவம் ஓராண்டு, எம்.எஸ்சி. இரண்டாண்டு என்று அதே எட்டு ஆண்டுகள்தான் வருகின்றன. காலத்தில் லாபம் இல்லை. ஜி.என்.எம். வழியில் மூன்றாம் ஆண்டு முடிவிலேயே பதிவும் சம்பளமும் வந்துவிடும். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் செவிலியர் தேர்வையும் எழுதலாம். நடுவில் வீட்டில் நெருக்கடி வந்தால் ஓராண்டு வேலை பார்த்துவிட்டுப் படிப்பைத் தொடரலாம். பி.எஸ்சி.யில் பாதியில் நின்றால் கையில் ஒன்றும் மிஞ்சாது. உங்கள் குடும்ப நிலையைப் பார்க்கும்போது ஜி.என்.எம். வழியையே பரிந்துரைக்கிறேன்.

ஏஜென்ட்டுகள் விஷயத்தில் நான் சற்றுக் கடுமையாகவே பேசுவேன். வகுப்புக்கே வராமல் சான்றிதழ், வேறு மாநிலத்தில் பெயர் மட்டும் பதிவு என்று இந்தப் பகுதியில் பல பிள்ளைகள் ஏமாந்திருக்கிறார்கள். என்னிடம் ஆலோசனை கேட்டு வந்த ஒரு பெண், மூன்றாண்டு கட்டணமும் செலுத்திவிட்டுப் பதிவுக்குப் போனபோதுதான் தான் படித்த இடத்துக்கு அந்த ஆண்டுக்கான அங்கீகாரமே இல்லை என்று அறிந்தார். அங்கீகாரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது. சுவரில் மாட்டியிருக்கும் பழைய சான்றிதழை நம்பக் கூடாது. இந்திய நர்சிங் கவுன்சிலின் இணையதளத்திலும் மாநிலக் கவுன்சிலின் பட்டியலிலும் நீங்கள் சேரப்போகும் ஆண்டுக்கு அந்தப் பள்ளியின் பெயரும் அனுமதிக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்தப் பள்ளி மாணவர்களைப் பயிற்சிக்கு அனுப்பும் மருத்துவமனைக்கு நேரில் போய், அங்கே மாணவிகள் உண்மையாகவே ட்யூட்டியில் நிற்கிறார்களா என்றும் பார்த்துவிடுங்கள்.

இந்தத் துறையின் சட்ட அடிப்படையும் மாறிவருகிறது. 1947ஆம் ஆண்டின் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்துக்கு மாற்றாக 2023இல் தேசியச் செவிலியர் மற்றும் பேறுகாலச் செவிலியர் ஆணையச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. சேர்க்கை விதிகள் திருத்தப்பட வாய்ப்புண்டு. சேரும் ஆண்டின் விதியையே பின்பற்றுங்கள்.

குடவாசல் வாசகி

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். எட்டு ஆண்டு என்றதும் அம்மா கல்யாணப் பேச்சை எடுத்தார். அப்பா, மூன்றாம் ஆண்டிலேயே சம்பளம் வரும் என்ற வரியைத் திரும்பப் படிக்கச் சொன்னார். ஜி.என்.எம். என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. இரண்டு ஐயங்கள் மட்டும் மீதி இருக்கின்றன. மருத்துவமனையில் பில் கவுன்டரில் வேலை பார்த்த காலம் பின்னால் அனுபவமாகக் கணக்கில் வருமா? ஏற்கெனவே ஒரு பட்டம் இருப்பவருக்குக் கல்விக் கடன் கிடைக்குமா?

தஞ்சாவூர் செவிலியர்

அனுபவமாக வராது, தங்கை. செவிலியராகப் பதிவு பெற்ற பிறகு நோயாளியின் அருகில் பார்த்த பணி மட்டுமே கணக்கு. ஆனாலும் வேலையை உடனே விட்டுவிடாதீர்கள். சேர்க்கைக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. உங்கள் மருத்துவமனையின் நர்சிங் கண்காணிப்பாளரிடம் அனுமதி கேட்டு, ஓய்வு நாளில் ஒருமுறையாவது இரவு ட்யூட்டி நேரத்தில் வார்டில் உட்கார்ந்து பாருங்கள். படுக்கைப் புண்ணுக்குக் கட்டு மாற்றுவதையும், மலம் சிறுநீர் அகற்றுவதையும், இறந்தவரின் உடலைத் துடைத்து அனுப்புவதையும் நேரில் பார்த்த பிறகும் இதே விருப்பம் இருந்தால் தாராளமாகச் சேருங்கள். நர்ஸ் பிராக்டிஷனர் என்ற பெயருக்கு ஆசைப்பட்டு வந்து, இந்த வேலைகளில் மனம் ஒப்பாமல் முதலாண்டிலேயே கிளம்பிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள்: எங்கள் வார்டில் போஸ்ட் பேசிக் படித்தவர்களில் திருமணமாகிக் குழந்தையோடு படித்தவர்களே அதிகம்.

நாகப்பட்டினம் நர்சிங் ஆசிரியை

கடன் குறித்து: அங்கீகாரம் பெற்ற நர்சிங் டிப்ளமோவுக்குக் கல்விக் கடன் உண்டு. வங்கிகளின் பொதுவான திட்டப்படி 4 லட்சம் ரூபாய் வரை உங்கள் பங்குத் தொகையோ அடமானமோ கேட்கப்படுவதில்லை. அரசின் கடன் உத்தரவாதத் திட்டத்தின் கீழ் 7.5 லட்சம் வரை அடமானமின்றித் தர வழியுண்டு. வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். இரண்டாவது படிப்பு என்பதால் கிளை மேலாளர் காரணம் கேட்பார். சேர்க்கைக் கடிதம், அங்கீகார நகல், மூன்றாண்டுக் கட்டண விவரம் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு, அப்பாவின் பயிர்க் கடன் இருக்கும் கிளைக்கே போவது நல்லது. பழைய கடன் நிலுவை இல்லாமல் இருந்தால் பேச்சு சுலபமாக முடியும்.

சேர்க்கையின்போது பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலோடு, கடைசியாகப் படித்த இடம் என்ற முறையில் பி.காம். படித்த கல்லூரியின் மாற்றுச் சான்றிதழையும் கேட்பார்கள். பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் மட்டும் போதாது. அசல்களைக் கொடுக்கும்போது எவற்றைக் கொடுத்தீர்கள் என்று எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

மயிலாடுதுறையிலிருந்து டெக்சஸ் வரை

ஆசிரியை சொன்னதோடு ஒன்று. பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பிளஸ் டூ, பி.காம்., ஆதார் எல்லாவற்றிலும் உங்கள் பெயரும் இன்ஷியலும் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கின்றனவா என்று இப்போதே ஒப்பிட்டுப் பாருங்கள். ஜி.என்.எம். பதிவும் பாஸ்போர்ட்டும் எடுக்கும்போது அதே எழுத்தில் இருக்கட்டும். ஒன்றில் இன்ஷியல் முன்னாலும், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாகப் பின்னாலும் இருந்தால், பிற்காலத்தில் வெளிநாட்டுச் சான்றிதழ் சரிபார்ப்பின்போது ஒவ்வொன்றுக்கும் உறுதிமொழிப் பத்திரம் கேட்பார்கள். திருத்த வேண்டியிருந்தால் படிப்பில் சேருமுன் திருத்திவிடுங்கள். சேர்ந்த பிறகு கவுன்சில், தேர்வு வாரியம், பள்ளி என்று மூன்று இடங்களில் மாற்ற வேண்டிவரும்.